எச்.ஐ.வி. கண்ட குழந்தைக்கு விரதமா, சோறா?

(திருவல்லிக்கேணி பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல. எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதென்று டாக்டர் இன்றைக்குச் சொல்லிவிட்ட ஒரு குழந்தைக்கு நாளைக் காலையில் என்ன சாப்பிடக் கொடுப்பது என்பதுதான். ஆனால் அந்தக் குழந்தையின் வாய்க்கும் சோற்றுக்கும் நடுவில் கடவுளையும் கர்மத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆகையால் நாம் அந்தப் பக்கமும் போக வேண்டியதாயிருக்கிறது.

இந்தக் கிருமி நம் நாட்டில் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னைப் பட்டணத்தில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் படித்த மாணவி நிர்மலா அவர்களும் இதை வெளிப்படுத்தினார்கள். இரத்தம் வேலூர் ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கப்பட்டது. ஆசாரமுள்ள பட்டணம், இங்கே அதெல்லாம் வராது என்று இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். கிருமிக்கு ஆசாரம் தெரியுமா? தெருவுக்குத் தெரு கோயிலிருந்தும் ஒரு சாமியாவது முன்கூட்டிச் சொன்னதா? சொன்னவர்கள் இரண்டு பெண்கள்.

குழந்தைக்கு இது பெரும்பாலும் தாயிடமிருந்தே வருகிறது. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ வருகிறது. மருந்தில்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமி தொற்றும். தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். இது பூர்வ ஜென்மப் பாவம் என்று சொல்லுகிறவர்களை நாம் கேட்கிறோம்: மாத்திரை விழுங்கிய தாயின் பிள்ளைக்கு மட்டும் பாவம் குறைந்துபோவது எப்படி? சித்திரகுப்தன் கணக்கை மாத்திரை அழித்துவிடுகிறதா?

நம் கோஷா ஆஸ்பத்திரி 1885-ல் தோன்றியபோது பெயரிலேயே ஜாதியையும் கோஷாவையும் வைத்திருந்தது. இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்திலேயே தனிப் பரிசோதனை உண்டு. சாதாரணப் பரிசோதனை 18 மாதம் வரைக்கும் தாயின் இரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புப் பொருளைக் காட்டி ஏமாற்றிவிடும். ஆகையால் "பெரியவனான பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. மருந்தில்லாத குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டாவது வயதைத் தாண்டுவதில்லை. தாம்பரம் ஆஸ்பத்திரியில் 2004-ல் பெரியவர்களுக்கு ஏ.ஆர்.டி. மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006-ல் குழந்தைகளுக்கென்று தேசியத் திட்டமே வந்தது. காசில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி சோற்று விஷயம். நோயென்று கேட்டதும் நம் வீடுகளில் முதலில் செய்வது பத்தியம். முட்டை சூடு, மீன் கூடாது, தயிர் சளி, வாழைப்பழம் குளிர்ச்சி. போதாதற்குப் பாட்டி நேர்ந்துகொண்ட விரதம். புரட்டாசி வந்தால் இந்தத் திருவல்லிக்கேணியில் கேட்கவே வேண்டாம். கவிச்சி வீட்டு வாசலைத் தாண்டாது. பெரியவர்கள் தங்கள் நாக்கைக் கட்டிக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. எடை குறைந்துவரும் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பதற்கு எந்தப் பெருமாள் கேட்டார்?

வைத்திய சாஸ்திரம் நேர்மாறாகச் சொல்லுகிறது. கிருமியோடு போராடும் உடம்புக்கு ஆகாரம் கூடுதலாக வேண்டும். வேறு தொந்தரவில்லாத குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு அதிகம். இளைத்துவரும் குழந்தைக்கு ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. இதற்கு ஆப்பிளும் டப்பா மாவும் வேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழ், பருப்பு, முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, நடுக்குப்பத்தில் வாங்கிய நெத்திலி போதும். சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தால் அளவு கூடாமலே பலம் கூடும். மூன்று வேளையை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாய் புண்ணாயிருந்தால் காரமில்லாமல் ஆறவைத்த கஞ்சி, மசித்த வாழைப்பழம். தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். ஒரு பேதி வந்தால் ஒரு மாதச் சாப்பாடு வீணாகும். கிருமி உறுதியான கைக்குழந்தையைப் பாலிலிருந்து பிரிப்பதும் தவறு; ஆறு மாதம் தாய்ப்பாலே, பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரை கொடுக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையென்றால் க்ஷயரோகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் சோறே மருந்தாகிவிடாது. மூலிகையால் கிருமியை ஒழித்துவிடுகிறேன், மாத்திரையை நிறுத்து என்கிறவன் நண்பனல்ல. மாத்திரை தினமும், குறித்த வேளையில், ஆயுள் முழுவதும்.

இன்னொன்று. சில வீடுகளில் இந்தக் குழந்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் இது தொற்றாது. டீக்கடையில் இரட்டை டம்ளர் வைத்தவனை நாம் எப்படித் திட்டினோம்? சமபந்தி போஜனம் நடத்திய நாம் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு பஞ்சமனை உண்டாக்கலாமா? 1920-ல் நீதிக்கட்சியார் காலத்தில் இதோ பக்கத்து ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்தார்கள். அந்தப் பந்தியில் இந்தக் குழந்தைக்கும் இடமுண்டு. இதைக் காரணங்காட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுப்பதை 2017-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டப்படி, பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தையின் நோயை ஊருக்குச் சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. கூட்டம் முடிந்து போகும்போது பக்கத்து வீட்டைப் பற்றி "அந்தப் பிள்ளைக்கும் அதுதானோ?" என்று காதைக் கடிக்கப் போகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.