வெங்காயச் சருகிலும் காசு இருக்கிறது
(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் குழுவில் ஒன்பது பேர் குல்லா, மப்ளர் பின்னுகிறோம். வெள்ளை நூலை வாங்கி நாங்களே சாயம் போடுகிறோம். சாமான் எல்லாம் மளிகைக் கடையில் கிடைப்பதுதான்.

முதலில் நூலைப் பாருங்கள். ஒரு வியாபாரி அசல் கம்பளி என்று மூட்டையோடு வந்தார். ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தோம். கம்பளி என்றால் முடி கருகுற வாடை வரும், சாம்பல் கையில் பொடியும். அது உருகி, ஆறினதும் கல்லு மாதிரி கெட்டியாகிவிட்டது. அக்ரிலிக்! அதில் இந்தச் சாயம் ஏறாது. குழுக் கடன் பணம் தப்பியது.

இனி செய்முறை. 100 கிராம் நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்க. கொஞ்சம் ஷாம்பு விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அலசுங்க. துணி சோடா, சுண்ணாம்பு வேண்டாம், கம்பளி கெட்டுப்போகும். 10 கிராம் படிகாரத்தைப் பொடித்து 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நூலைப் போட்டு சின்னத் தீயில் ஒரு மணி நேரம் வையுங்க. தளதளன்னு கொதிக்கக் கூடாது, கிளறவும் கூடாது. கிளறினால் நூல் சிக்கிக் கம்பளமாகிவிடும். சூட்டோடு பச்சைத் தண்ணீரில் போட்டாலும் அதே கதிதான்.

வெங்காயச் சருகு 100 கிராம் எடுத்து ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்க. அந்தத் தண்ணீரில் படிகார நூலைப் போட்டு, அதே சின்னத் தீயில் ஒரு மணி நேரம். ராத்திரி அப்படியே ஆறவிட்டால் காலையில் பொன் நிறம். சருகைக் கடைக்காரர் சும்மாவே தருவார். டீத்தூள் போட்டால் மண் நிறம், அதற்குப் படிகாரம்கூட வேண்டாம். கேசரிப் பவுடர் என்றால் படிகாரத்துக்குப் பதில் நாலு கரண்டி வினிகர். சாயம் முழுக்க நூலில் ஏறினதும் தண்ணீர் தெளிந்துவிடும். சாயப் பாத்திரத்தில் சோறு பொங்காதீங்க, அதைத் தனியாக வையுங்க.

மஞ்சளும் பீட்ரூட்டும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுக்கும், பீட்ரூட் மங்கிப்போகும். விற்கிற பொருளுக்கு ரெண்டும் வேண்டவே வேண்டாம். புது நிறம் எதுவானாலும், நூலில் பாதியை அட்டையால் மூடி ரெண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வைத்து, ரெண்டு பாதியும் ஒரே நிறமாக இருந்தால் மட்டும் விற்கிறோம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? குல்லாவில் ஒட்டியிருப்பது என் பேர் இல்லை, குழுவோட பேர். ஒருத்தி போட்ட சாயம் வெளுத்தால் ஒன்பது வீட்டு அடுப்பும் பாதிக்கும். அதனால் சகோதரிகளே, சருகைக் குப்பையில் கொட்டாதீங்க. கத்துக்க விரும்புகிறவர்கள் எங்கள் குழுவுக்கு வாங்க, கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறோம்.