தேவகுமாரன் மானிடனானார்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



சங்கத்தின் நூறாவது ஆண்டு நிறைவுக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்தக் கூடியிருக்கும் இவ்வேளையில், எமது விசுவாசத்தின் மையமான ஒரு காரியத்தை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். தேவகுமாரன் மனிதனானார் என்று அறிக்கையிடுகிறோம். அதன் பொருள் என்ன? அது உண்மையானால் எமது வாழ்வில் எது மாறுகிறது?

இப்பாடசாலையிற் கற்றவர்களில் அநேகர் சைவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே வாங்கில் இருந்து படித்து, விடுதியில் ஒரே மேசையில் உணவருந்தி வளர்ந்தோம். அவர்கள் எம்மிடம் கேட்பதற்கு நியாயமான கேள்வி ஒன்று உண்டு. "இறைவன் பிறப்பும் இறப்பும் இல்லாதவர். தாயின் வயிற்றிற் பிறந்து, சிலுவையில் இறந்த ஒருவரை நீங்கள் எப்படிக் கடவுள் என்று சொல்லலாம்?" சைவ சித்தாந்தத்தின்படி இறைவன் ஆன்மாக்களுக்கு அருள்புரியக் குருவடிவாக எழுந்தருளுவார், ஆனால் கருவிற் பட்டுப் பிறப்பதில்லை. ஆகவே இக்கேள்வி இறைவனின் மகத்துவத்தைக் காக்க விரும்பும் பக்தியிலிருந்து எழுவது. அதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. திருச்சபையே தன்னைத் தான் இக்கேள்வியைக் கேட்டு, 325ஆம் ஆண்டிலிருந்து 451ஆம் ஆண்டு வரை, 126 வருடங்கள் அதனோடு போராடியது.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்ற குருவானவர் இருந்தார். தேவன் மாறாதவர், துன்பப்படாதவர். எனவே பசித்தும் களைத்தும் மரித்தும் போன கிறிஸ்து முழுமையான தேவனாக இருக்க முடியாது, படைப்புகளில் முதன்மையானவராகவே இருக்க வேண்டும் என்று அவர் போதித்தார். 325இல் நிசேயாவிற் கூடிய சங்கம் இதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. அந்த அறிக்கைக்காகப் பின்னர் அலெக்சாந்திரியாவின் பேராயரான அத்தனாசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஆனால் அவர் கண்ட ஆபத்து பெரியது. கிறிஸ்து ஒரு படைப்பு மட்டுமே என்றால், எம்மைத் தேடி வந்தவர் தேவன் அல்லர். அவர் அனுப்பிய இன்னொரு தூதரே. தேவன் தூரத்திலேயே இருந்துவிடுகிறார்.

பின்பு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தவறு வந்தது. லவோதிக்கேயாவின் பேராயர் அப்பொலினாரியஸ், கிறிஸ்துவின் தெய்வீகத்தை முழுமனதோடு ஏற்றவர். ஆனால் கிறிஸ்துவுக்கு மனித சரீரம் இருந்தது, மனித மனம் இருக்கவில்லை. அதன் இடத்தில் தேவ வார்த்தையானவரே இருந்தார் என்றார். நசியான்சு நகரத்துக் கிரெகோரியார் இதற்குக் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: கிறிஸ்து எதைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லையோ, அது குணமாக்கப்படாமலே போகும். எமது மனம்தானே பயப்படுகிறது? மனம்தானே சந்தேகப்படுகிறது, பாவத்துக்கு இணங்குகிறது? அதை விட்டுவிட்டு உடலை மட்டும் ஏற்றுக்கொண்டவர் எம்மை எப்படி முழுமையாக மீட்பார்? 381இல் கொன்ஸ்தாந்தினோபிளிற் கூடிய சங்கம் அப்போதனையைத் தள்ளியது.

மூன்றாவது விவாதம் ஒரு தாயைப் பற்றியது. மரியாளைத் தேவனைப் பெற்றவர் என்று சொல்லலாமா, கிறிஸ்துவைப் பெற்றவர் என்று மட்டும் சொல்ல வேண்டுமா? கொன்ஸ்தாந்தினோபிளின் பேராயர் நெஸ்தோரியஸ் இரண்டாவதையே விரும்பினார். 431இல் எபேசுவிற் கூடிய சங்கம் முதலாவதை ஏற்றது. மரியாளுக்குப் பட்டம் சூட்டுவது அதன் முதல் நோக்கமன்று. அவர் மடியில் இருந்த குழந்தையும் தேவகுமாரனும் இரண்டு ஆட்கள் அல்லர், ஒருவரே என்பதுதான் காக்கப்பட்டது.

இறுதியாக 451இல், இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியாகிய கல்செதோனில் சங்கம் கூடியது. அதைக் கூட்டுவதிற் பேரரசன் மார்சியனோடு சேர்ந்து முன்னின்றவர் பேரரசி புல்கேரியா என்பதை மாணவிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது. கிறிஸ்து ஒருவர், அவரில் தேவ சுபாவம், மனித சுபாவம் என இரண்டும் முழுமையாக உண்டு என்று அச்சங்கம் சொன்னது. அவை ஒன்றோடொன்று கலப்பதுமில்லை, மாறுவதுமில்லை, பிளவுபடுவதுமில்லை, பிரிவதுமில்லை. கவனியுங்கள், நான்கும் எதிர்மறைச் சொற்கள். இரகசியத்தை விளக்கி முடித்துவிட்டதாகச் சங்கம் சொல்லவில்லை. இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம் என்று வேலி அடைத்துக் காட்டியது.

இப்போது எமது சைவத் தோழியின் கேள்விக்கு வருவோம். தேவ சுபாவம் பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை என்பதில் நாமும் அவரோடு உடன்படுகிறோம். கல்செதோனின் "மாறாமல்" என்ற சொல் அதைத்தான் காக்கிறது. ஆனால் தேவகுமாரன் எமது மனித சுபாவத்தைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டார். அந்தச் சுபாவத்தில் மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே மரித்தார். வேடம் போடவில்லை. உடுத்துக் களையும் ஆடையைப் போல மனிதத்தை அணியவுமில்லை. உயிர்த்தெழுந்த பின்பும் காயத் தழும்புள்ள கைகளையே சீஷருக்குக் காட்டினார். இதைத் தோழி ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் நாம் எதை விசுவாசிக்கிறோம் என்பதை நேர்மையாகச் சொல்லும் கடமை எமக்கு உண்டு.

சுவிசேஷங்கள் இதைக் கோட்பாடாகச் சொல்லவில்லை, காட்டுகின்றன. படகிற் களைத்துத் தூங்குகிறவரே எழுந்து புயலை அடக்குகிறார். லாசருவின் கல்லறை அருகே கண்ணீர் விடுகிறவரே அவனை வெளியே அழைக்கிறார். சிறுவனாக ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். வளர்ந்தார் என்றால் கற்றுக்கொண்டார் என்றுதானே பொருள்?

இந்த வரலாறு எமது தீவுக்கும் அந்நியமானதல்ல. 1912இல் அநுராதபுரத்தில் கல்லிற் செதுக்கிய சிலுவை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற எழுத்தாளர் இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்று இருந்ததாகக் குறிப்பிடுகிறார். அச்சிலுவையை அவர்களோடு தொடர்புபடுத்துவது வழக்கம். அப்பாரசீகத் திருச்சபை எபேசு சங்கத்தின் தீர்ப்பை ஏற்காத சபை. எகிப்திய, ஆர்மேனிய, சிரிய சபைகளோ கல்செதோனை ஏற்கவில்லை. நூற்றாண்டுகளாக ஒருவரையொருவர் சபித்தார்கள். ஆனால் 1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கிழக்குத் திருச்சபையின் முதுபெரும் தந்தை நான்காம் மார் திங்காவும் கிறிஸ்துவைக் குறித்த பொதுப் பிரகடனம் ஒன்றிற் கையொப்பமிட்டார்கள். சொற்கள் வேறுபட்டாலும் விசுவாசம் ஒன்றே என்று கண்டுகொள்ள 1500 ஆண்டுகளுக்கு மேற் சென்றது. சொற்களுக்காகப் பிரிந்து நிற்கும் எவருக்கும் இது ஒரு பாடம்.

சகோதரிகளே, பெண்களாகிய எமக்கு இதில் விசேஷமான செய்தி ஒன்று உண்டு. நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் கிரேக்க மூலம், கிறிஸ்து மனிதனானதைக் குறிக்கும் இடத்தில் ஆண்மகனைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தவில்லை. மானிடர் என்று இருபாலாருக்கும் பொதுவான சொல்லின் அடியாகவே அதைச் சொல்கிறது. கிறிஸ்து ஏற்காதது குணமாகாது என்றால், அவர் ஏற்ற மானிடத்தில் நாமும் முழுமையாக அடங்கியிருக்கிறோம். அந்த மானிடத்தை அவர் பெற்றதும் ஒரு பெண்ணிடமிருந்தே. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் இத்தகைய பாடசாலைகளை நிறுவியவர்களின் துணிவுக்கு இதைவிட உறுதியான அத்திவாரம் வேறில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மண்ணில் பிள்ளைகளை இழந்த தாய்மார் உண்டு. இன்றும் வழிபார்த்திருக்கும் தாய்மாரும் உண்டு. அவர்களிடம் போய், துன்பமறியாத ஒரு தேவனைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. நல்ல மனிதர் ஒருவரும் இப்படித்தான் கொல்லப்பட்டார் என்று மட்டும் சொல்லி அவர்களைத் தேற்றவும் முடியாது. சிலுவையில் அழுதவர் மெய்யான மனிதர், ஆகவே அவருக்கு அவர்களுடைய வேதனை தெரியும். அவர் மெய்யான தேவன், ஆகவே அவ்வேதனைக்கு மரணம் கடைசி வார்த்தை அல்ல. இவற்றில் ஒன்றை விட்டாலும் எமது ஆறுதல் வெறும் பேச்சாகிவிடும்.

அடுத்த நூற்றாண்டுக்குள் இச்சங்கம் கால்வைக்கிறது. கட்டடங்களுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் நிதி திரட்டுவோம், அது நல்லது. அதோடு, தேவன் எம்மருகே வந்ததுபோல, யாரும் அருகே போகாதவர்களிடம் நாமும் போவோம். மாம்சமான வார்த்தையானவரின் கிருபை இப்பாடசாலையோடும், இங்கு கற்ற, கற்கின்ற, இனிக் கற்கப்போகும் எல்லாப் பிள்ளைகளோடும் இருப்பதாக. ஆமென்.