இட்லிக்குச் சுலபம், புளிக்குக் கஷ்டம்

டெல்லி கிட்வாய் நகரில் குடியிருக்கும் தமிழர்கள் முருங்கைக்காய்க்கும் தேங்காய்க்கும் பக்கத்திலுள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான் பையைத் தூக்குவார்கள். அந்தப் பக்கம் ஒரு கடை போட, கொழும்பிலிருந்து இலங்கைப் பிரஜையான ஒரு தமிழர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

மளிகைக் கடையா? சுலபமில்லை. பல நிறுவனப் பொருட்களை விற்கும் சில்லறைக் கடையில் வெளிநாட்டு முதலீடு 51 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். குறைந்தபட்ச முதலீடு எவ்வளவு தெரியுமா? 10 கோடி டாலர்! புளியோடு சோப்பும் சேர்த்து விற்க இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? இந்தியாவில் விளைந்த, தயாரான உணவுப் பொருட்களை மட்டும் விற்பதானால் நூறு சதவீத முதலீட்டுக்கும் இடமுண்டு; ஆனால் அங்கேயும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.

சரி, இட்லிக் கடை? அதற்கு இன்னும் நேரான வழி இருக்கிறது. உணவகத்தில் நூறு சதவீத வெளிநாட்டு முதலீட்டுக்கும் இடமுண்டு. ஆனால் சுற்றுலா விசாவில் வந்து அடுப்பு மூட்ட முடியாது. ஒரு நபர் கம்பெனியும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, அந்த இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். நம் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வதுதான் சுலபம்.

வெளிநாட்டுப் பணத்துக்குப் பங்கு ஒதுக்கினால், 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் தனி.

இத்தனையும் முடித்துவிட்டுத்தான் மாவரைக்க உட்கார வேண்டும். உளுந்தை மட்டும் முன்கூட்டியே ஊறப்போட்டுவிடாதீர்கள்!