முடி கொட்டினால் எண்ணெயை மட்டும் நம்பலாமா?
(தாய்மார் கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குத் தலைமுடியைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது ஒரு விசயமா?" என்று சிலர் சிரிப்பீர்கள். ஆனால் சம்பளம் போட்ட கையோடு டவுனுக்குப் போய், முடி வளரும் என்று போத்தல் போத்தலாக எண்ணெய் வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் முடி என்றால் என்ன? வெளியில் தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. அது கெரட்டின் என்ற புரதம். நகமும் அதேதான். உயிர் இருப்பது தோலுக்கு உள்ளே, வேரில். அந்த வேருக்குச் சாப்பாடு போவது இரத்தத்தின் வழியாக. தேயிலைச் செடிக்கு உரத்தை இலையிலா கொட்டுகிறோம்? தூரில்தானே போடுகிறோம். முடிக்கும் அப்படித்தான். எண்ணெய் முடியை மினுக்கும், சிக்கு விழாமல் காக்கும். வேருக்குச் சாப்பாடு போடாது.

நம் தலையில் ஏறக்குறைய 1 இலட்சம் முடி இருக்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 சென்றிமீற்றர் வளரும். ஒரு முடி சில வருசம் வளர்ந்து, பிறகு சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து விழும். அந்த இடத்தில் புதுசு முளைக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். சீப்பில் நாலு முடியைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய கவலை இதெல்லாம் வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்தாக விழும். நாமோ போன கிழமை மாற்றிய சவர்க்காரத்தைத் திட்டுவோம்! பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இப்படிக் கொட்டினால் பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். பால் கொடுப்பதால் கொட்டுகிறது என்று எண்ணிப் பாலை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விசயம். மலை ஏறும்போது மூச்சு வாங்குது, தலை சுத்துது, கண்ணின் உள்பக்கம் வெளிறிக் கிடக்குது, முடியும் கொட்டுது என்றால் இரத்தம் குறைவாக இருக்கலாம். இரும்புச்சத்து போதாவிட்டால் உடம்பு முதலில் இதயத்தையும் மூளையையும் பார்க்கும். முடிக்குக் கடைசியில்தான் பங்கு.

நாம் செய்கிற ஒரு பழக்கமும் இதற்கு உதவி செய்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சூடாகச் சாயத் தண்ணி. நாம் பறிக்கிற தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு அதை எடுக்க முடியாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டீர்கள்! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம், தண்ணியோடு போடுங்கள்.

பருப்பு, கௌபி, கீரை, நெத்தலி, முட்டை, முடிந்தபோது ஈரல் சேருங்கள். கீரைக்குக் கொஞ்சம் எலுமிச்சம்புளி விட்டால், இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால், இரும்பு நன்றாகச் சேரும். 1973 முதல் நம் நாட்டில் இருக்கிற திரிபோஷா கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கப்படுவது. அதைத் தாய்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்தால் தாய்க்கு மிஞ்சுவது வெறும் பேக்கற்தான். கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு நடக்காதீர்கள், பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது கூடைக் கயிறு. தினமும் ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே முடி மெலியும். ஆரம்பத்தில் இழுப்பைக் குறைத்தால் வளரும். வருசக்கணக்கில் இழுத்தால் வேரே செத்துவிடும். கயிற்றுக்குக் கீழே துணியைத் தடிப்பாக மடித்து வையுங்கள், கயிறு படுகிற இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், கொண்டையை இறுக்கிப் போடாதீர்கள். மழையில் நனைந்த தலையை அப்படியே கட்டி வைக்காமல் துவட்டிக் காய விடுங்கள்.

கடைசியாகப் பேன். பேன் பறக்காது, பாயாது. தலையோடு தலை முட்டினால் ஊர்ந்து போகும். ஈர் பொரிக்க ஒரு கிழமை அல்லது கொஞ்சம் கூடச் செல்லும். அதனால் ஒரு தடவை வாரினால் போதாது. ஈரத்தலையில் பேன் சீப்பால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கா, இரண்டு கிழமைக்கு வாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பாருங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளை தீப்பிடித்துவிடும். தோட்டத்து மருந்தைத் தலையில் தொடவே கூடாது, தோல் வழியாக உடம்புக்குள் போய் உயிரையே எடுக்கும். பேனுக்காகப் பொம்பளைப் பிள்ளையின் படிப்பையும் நிறுத்தாதீர்கள்.

வட்டம் வட்டமாக முடி போனாலும், செதிலும் புண்ணும் வந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் கொட்டினாலும் டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. கேட்க வெட்கமாக இருந்தால் மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என்னிடம் வாருங்கள்.