நாய், பூனைகளின் குடற்புழுக்களும் கிராம சுகாதாரமும்



உழவு மாட்டிற்கு நோய் கண்டால் உடனே வைத்தியரை நாடும் தஞ்சை ஜில்லாக் குடியானவர், களத்தைக் காக்கும் நாயையும் குதிரண்டை எலி பிடிக்கும் பூனையையும் பற்றி அவ்வளவு கவலை கொள்வதில்லை. அவற்றின் வயிற்றிலுள்ள புழு அவற்றோடு நில்லாமல் வீட்டுக் குழந்தைகளையும் பற்றும் என்பதே இன்று கவனிக்கத்தக்க விஷயம்.

சம்பா அறுவடையான பின் வைக்கோற்போரின் அடியில் நாய் குட்டி போட்டால், குழந்தைகள் அக்குட்டிகளை மடியில் வைத்து விளையாடுவது இயல்பு. குட்டிகளிற் பெரும்பாலானவற்றிற்குத் தாயின் கர்ப்பத்திலேயே உருண்டைப்புழு சேர்ந்துவிடுகின்றது. தாய்ப்பால் வழியாகவும் சேரும். பானை வயிறும் மெலிந்த உடலும் இதன் அடையாளங்கள். மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் 2 முதல் 4 வாரங்களில் தொற்றும் பக்குவமடைந்து, மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் அவை உள்ளே சென்று பொரித்து, ஈரலிலும் நுரையீரலிலும் அலையும். சிற்சில சமயம் கண்ணை அடைந்து பார்வையையே கெடுக்கும்.

கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுவது. அதனால் இளங்குட்டிகள் சோகை கண்டு இறப்பதுண்டு. அதன் இளம்புழு ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் சுமார் ஒரு வாரத்தில் முதிர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து, நெளிநெளியான தடிப்பையும் கடும் அரிப்பையும் உண்டாக்கும். 1911-ல் இலங்கைப் புனுகுப் பூனையிலிருந்து கண்டு விவரிக்கப்பட்ட ஒருவகைக் கொக்கிப்புழு நாய், பூனைகளில் மட்டுமன்றி மனிதர் குடலிலும் வாழ்கின்றது.

நாடாப்புழுவில் ஒருவகை தெள்ளுப்பூச்சியால் பரவும். மற்றொரு வகை, நீர்க்கட்டியுள்ள ஆட்டீரலைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு வரும். அந்நாயின் மலத்திலுள்ள முட்டையால் மனிதர் ஈரலிலும் அத்தகைய கட்டி தோன்றும். ஆதலால் அறுத்த ஆட்டின் கழிவை நாய்க்கு எறியாது ஆழப் புதைத்தல் வேண்டும்.

பரிகாரம் எளிது. குட்டிகளுக்கு 2-ஆம் வாரம் தொடங்கி 8-ஆம் வாரம் வரை இரு வாரத்திற்கொரு முறையும், பின் 6 மாதம் வரை மாதமொரு முறையும் மருந்து கொடுக்கவேண்டும். தாய்க்கும் உடன் கொடுப்பது நலம். பூனைக்குட்டிக்கு 3-ஆம் வாரத்தில் தொடங்கலாம். வளர்ந்தவற்றிற்கு ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி என நான்கு தடவை கொடுப்பதாக வைத்துக்கொண்டால் மறவாது. உருண்டைப்புழு, கொக்கிப்புழுக்களுக்குப் பைரான்டலும், நாடாப்புழுவுக்குப் பிராஸிகுவான்டலும் உண்டு. முற்காலத்தில் நாடாப்புழுவுக்குக் கொடுத்த பாக்குச் சத்து கடும் பேதியை உண்டாக்குவது. இப்பொழுது அது வேண்டுவதில்லை. எடைக்குத் தக்க அளவைக் கால்நடை வைத்தியரே சொல்லவேண்டும். நாய்க்குரிய பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்து பூனைக்கு விஷமாகும்.

ஆனால் ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுப்பதாற் பயன் சிறிதே. புழுவின் முட்டைக்கு வேலி இல்லை. சொந்தக்காரரில்லாத தெருநாய்க்கு எவர் செலவு செய்வது? இங்கேதான் கூட்டுறவு உதவும். சங்கத்தார் ஒரு நாளைக் குறித்து, சிறு தொகை சேர்த்து, ஊர் நாய் பூனை யாவற்றிற்கும் ஒருங்கே மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தாரையோ, ஒரத்தநாட்டில் 2012-ல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியாரையோ யோசனை கேட்கலாம். முற்றத்து மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தலும், உண்ணுமுன் குழந்தைகளின் கையைச் சோப்பிட்டுக் கழுவுதலும், காலுக்குச் செருப்பும் ஒவ்வொரு வீட்டார் கடமை.

அடுத்த கூட்டத்திலேயே இதற்கொரு நாளைக் குறிப்பது உசிதமாகும்.