பயணம் புறப்படுமுன் எழுதி வைப்போம்

(வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்லவிருக்கும் நமது மஹல்லாவின் இளைஞர்களுக்காக மதரஸா அரங்கில் நடைபெற்ற வழிகாட்டுக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

சபர் நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்கள் பலர். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1970களுக்குப் பின் அந்தத் திசை மாறி, துபாய், சவூதி, குவைத், கத்தார் என்றாகிவிட்டது. கப்பலில் நாள்கணக்கில் போனவர்களின் பிள்ளைகள் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். பயணம் எளிதாகி விட்டது. பயணத்திற்கான ஆயத்தம் மட்டும் எளிதாகிவிடவில்லை.

நிர்வாகக் குழுவினராகிய நாங்கள் இக்கூட்டத்தைக் கூட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் முன் ஒரு வழக்கு வந்தது. பெயரும் தெருவும் வேண்டாம். ஒரு தகப்பனார் தம் மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக மச்சான் முறை கொண்ட ஒருவரிடம் பணம் கொடுத்தார். மகன் போனது விசிட் விசாவில். ஒரு மாதத்தில் வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொன்னது நடக்கவில்லை. விசாக் காலம் முடிந்து, அபராதம் ஏறி, உம்மாவின் கைவளையலை விற்று அந்த அபராதத்தைக் கட்டி, பிள்ளை வெறுங்கையோடு ஊர் திரும்பினான். கொடுத்தவர் ஒன்றரை லட்சம் என்றார். வாங்கியவர் தொண்ணூறாயிரம்தான் என்றார். இருவரும் பள்ளியில் நின்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். “எழுத்து ஏதும் உண்டா?” என்று கேட்டோம். “சொந்தத்திற்குள் எதற்கு எழுத்து?” என்ற பதில்தான் கிடைத்தது.

எங்களால் நீதி வழங்க முடியவில்லை. பாதிக்குப் பாதி என்று சமாதானம் செய்து அனுப்பினோம். இன்றளவும் அவ்விரு வீட்டாரும் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்வதில்லை. அப்பணத்தைச் சம்பாதித்து விடலாம். போன உறவை எப்படிச் சம்பாதிப்பது?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை நம்மில் பலர் அறிவோம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்கும்படி ஏவுகிறது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமன்று. உறவைக் காக்கும் வேலி என்பதை அதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று நாம் சொல்லவிருக்கும் அனைத்தும் இந்த ஒரு கருத்தின் விரிவேயாகும்.

முகவரும் விசாவும்

முதலாவதாக, யார் மூலம் செல்கிறோம் என்பது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்போர் மத்திய அரசிடம் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ‘இ-மைக்ரேட்’ என்னும் அரசு இணையதளத்தில் உள்ளது. முகவர் தம் சேவைக்காகப் பெறக்கூடிய தொகைக்கு அரசு வகுத்துள்ள உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி. வரியுமே. அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டு, ரசீதும் தர மறுப்பவரிடம் பிள்ளையின் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். தமிழக அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களைத் தேர்வு செய்து அனுப்பி வருகிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, விசாவின் வகை. விசிட் விசா என்பது பார்த்து வருவதற்கானது. அதில் வேலை செய்வது குற்றம். அமீரகத்தில் விசாக் காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். நாற்பது நாள் தங்கினால் 2,000 திர்ஹம். புதிதாகப் போகும் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை விட அது கூடுதலாக இருக்கக்கூடும். ‘போய் இறங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லை நம்பி ஒருவரும் விமானம் ஏற வேண்டாம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டு ‘இ.சி.ஆர்.’ வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வு அனுமதி பெற்றாக வேண்டும். இதைத் தொல்லை என்று கருதிக் குறுக்கு வழி தேடுவோர் உண்டு. அந்த அனுமதியின் வழியாகத்தான் உங்கள் ஒப்பந்தமும் முதலாளியின் பெயரும் நம் அரசின் பதிவேட்டில் ஏறுகின்றன. அனுமதியோடு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்னும் காப்பீடும் சேர்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து லட்சம் ரூபாய். குறுக்கு வழியில் சென்றவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்தைப் படித்தல்

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அமீரகத்தில் வேலைக்கான கடிதம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் மொழியிலும் தரப்பட வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. எனவே, ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது’ என்பது இனிக் காரணமாகாது. தமிழ்ப் படியைக் கேட்டு வாங்குங்கள்.

படிக்கும்போது மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். அமீரகத்தின் தற்போதைய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பணி முடிந்து வரும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். இருவர் மாதம் 1,500 திர்ஹம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படை 1,000, படிகள் 500. மற்றவருக்கு அடிப்படை 500, படிகள் 1,000. ஐந்து ஆண்டு கழித்து முன்னவர் 3,500 திர்ஹம் பெறுவார். பின்னவர் 1,750 மட்டுமே பெறுவார். சம்பளம் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. வேறுபாடு தாளில் எழுதப்பட்ட ஒரு வரியில் இருக்கிறது.

தங்குமிடம், உணவு, வேலை நேரம், ஊர் வந்து செல்ல விமானச் சீட்டு ஆகியவற்றை யார் ஏற்பது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் வேளையில் திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகத்திலும் சவூதியிலும் உள்ள விதி. இத்தகைய உரிமைகளை அறிந்தவனைத்தான் மேற்பார்வையாளர்களும் மதிப்பார்கள்.

பெயரும் ஆவணங்களும்

நம் மக்களின் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ‘முஹம்மது’ என்னும் திருப்பெயரைப் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அங்கே எழுத்து மாறினால் ஆளே வேறு. மேலும், முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கப்படி, கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் பலர். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் உடையவர்களுக்கு விசிட் விசாவில் நுழைவு இல்லை என அமீரகம் அறிவித்தபோது, விமான நிலையத்தை எண்ணிக் கலங்கியவர்கள் நம் ஊரிலும் உண்டு. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து முன்கூட்டியே திருத்திக்கொள்வது நலம்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், முகவரின் ரசீது, காப்பீடு, சான்றிதழ்கள் ஆகியவற்றை மூன்று படிகள் எடுங்கள். ஒன்று உங்கள் பெட்டியில், ஒன்று வீட்டில், மூன்றாவது நம்பகமான ஒருவரிடம். கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்வதை அமீரகத்தின் சட்டமும் சவூதியின் சட்டமும் ஏற்பதில்லை. எனினும் நடைமுறையில் சிலர் வாங்கி வைக்கிறார்கள். அந்நேரத்தில் கையில் நகல் இருப்பவனுக்குத் தூதரக வாசல் எளிதில் திறக்கும். பிரச்சினை வந்தால் ஓடிப்போய் வேறிடத்தில் வேலை செய்வது தீர்வாகாது. சவூதியில் ‘ஹுரூப்’ என்று பதிவாகிவிட்டால் குற்றமற்றவனும் குற்றவாளியாகி விடுவான். இந்தியத் தூதரகத்தை நாடுங்கள். 2015இல் தொடங்கப்பட்ட ‘மதத்’ இணையதளத்தில் வீட்டாரும் முறையிடலாம்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

உம்மாமார்களுக்கு ஒரு சொல். பிள்ளைக்குப் பாசத்தோடு மசாலா கட்டும்போது கசகசாவை வைத்து விடாதீர்கள். நம் சமையலறையில் அது குருமாவுக்குரிய பொருள். அமீரகம், சவூதி, கத்தார் போன்ற நாடுகளின் சட்டத்திலோ அது போதைப்பொருள் வகையைச் சேர்ந்தது. அவ்வாறே, வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவரின் சீட்டும் உரிய முன் அனுமதியும் இன்றிக் கொண்டு செல்லக் கூடாது.

அடுத்தவர் தரும் பார்சல் இன்னும் அபாயகரமானது. ‘அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்’ என்று விமான நிலையத்தில் தரப்படும் பொட்டலத்தை வாங்காதீர்கள். தெரிந்தவர் கொடுத்தாலும் கண் முன் பிரித்துப் பார்த்து, நீங்களே மீண்டும் கட்டுங்கள். போதைப்பொருள் கடத்தலுக்குச் சவூதியில் மரண தண்டனை உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்னும் சொல் அங்கே ஒருவரைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

பணமும் குடும்பமும்

சென்ற பின் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்குத் தொடங்குங்கள். உண்டியலில் சில ரூபாய் கூடக் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். அது சட்டவிரோதம், பணம் வராவிட்டால் கேட்க ஒரு துண்டுச் சீட்டும் இராது.

இனிச் சொல்வது, கேட்கச் சற்றுக் கசப்பானது. மனைவியின் நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் திரட்டுகிறோம். அந்த நகை அவருடைய உடைமை. அதுவும் கடனே, எத்தனை பவுன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அவரிடமே கொடுங்கள். அனுப்பும் பணத்தில் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று பெற்றோர், மனைவி ஆகியோரோடு அமர்ந்து புறப்படுமுன் எழுதுங்கள். எத்தனை ஆண்டு, எதற்காக என்பதையும் எழுதுங்கள். ‘இரண்டு வருடம்’ என்று போனவர்கள் இருபத்தைந்து வருடம் கழித்துச் சர்க்கரை நோயோடு திரும்பி, தம் பிள்ளைகளுக்கு விருந்தாளியாகி நிற்பதை நாம் கண்டு வருகிறோம். முடிவு எழுதப்படாத பயணம் முடிவதில்லை.

நிலம் வாங்கவோ விற்கவோ அதிகாரப் பத்திரம் தருவதாயின், இன்ன சொத்து, இன்ன காரியம் என்று வரையறுத்து, புறப்படுமுன்பே பதிவு அலுவலகத்தில் பதிந்து கொடுங்கள். எல்லாவற்றிற்கும் அதிகாரம் என்று பொதுப்படத் தருவது சகோதரர்களுக்கிடையே பகை வளர்க்கும் வித்தாகும்.

மரணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் மூண்ட தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தார்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். அதிகாலை உறக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, காப்பீட்டு விவரம், வாரிசுகளின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துச் செல்வது அபசகுனமன்று. வஸிய்யத் எழுதி வைப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம்.

நமது ஜமாஅத்தின் ஏற்பாடு

இவற்றைச் சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. பள்ளி அலுவலகத்தில் ‘பயணிகள் பதிவேடு’ ஒன்றைத் தொடங்கியுள்ளோம். புறப்படுவோர் தம் ஆவணங்களின் நகல்களை உறையிலிட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டுத் தரலாம். உரியவரோ அவர் குறிப்பிட்ட வாரிசோ கேட்டாலன்றி அது பிரிக்கப்பட மாட்டாது. விசாவுக்காக நம் மக்களுக்குள் பணம் கைமாறும்போது, இரு சாட்சிகளோடு எழுதிக்கொள்வதற்கான படிவமும் அங்கே இலவசமாகக் கிடைக்கும். அடுத்த முறை ஒரு வழக்கு எங்கள் முன் வருமாயின், “எழுத்து உண்டா?” என்னும் கேள்விக்கு “உண்டு” என்னும் பதில் வர வேண்டும். இன்ஷா அல்லாஹ், அப்படி எழுதிய பின் வழக்கே வராமலும் போகலாம்.

பயணம் செல்லும் நம் பிள்ளைகள் ஹலாலான சம்பாத்தியத்தோடும் உடல் நலத்தோடும் ஊர் திரும்பி, இதே பள்ளியின் முன்வரிசையில் நம்மோடு நின்று தொழ வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.