சாயத்தை உடைக்கும் பூஞ்சை

வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாதபடி செய்யப்பட்டது செயற்கைச் சாயம். அதனாலேயே ஆற்றில் கலந்தாலும் லேசில் அழியாது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றங்கரை மக்களுக்கு இந்த வேதனை தெரியும். 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது.

இப்படி அழியாத சாயத்தையும் உடைக்க இயற்கையில் ஒரு வழி உண்டு. பட்ட மரத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, மரத்திலுள்ள லிக்னின் என்னும் கெட்டியான பொருளைச் சிதைக்க 'லாக்கேஸ்' என்னும் நொதியைச் சுரக்கிறது. 1883-இல் ஜப்பானிய அரக்கு மரப் பாலில் வேதியியலாளர் யோஷிதா முதலில் கண்ட நொதி இதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே பல சாயங்களின் மூலக்கூறுகளை உடைத்து, நிறத்தைப் போக்கிவிடுகிறது. எவ்வளவு அருமையான வேலை!

ஆனால் சாயக் கழிவில் உப்பு அதிகம். அது நொதியை மந்தப்படுத்தும். நொதியாலோ உப்பை நீக்க முடியாது. ஆகவே பட்டறை நடத்தும் அன்பர்களே, நிறம் போய்விட்டது என்று அந்தத் தண்ணீரை ஆற்றில் விட்டுவிடாதீர்கள்.